நுனியில் மட்டும் சிவப்பு: ஒரு மரக்காவலன் மினியேச்சர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேசை விளையாட்டுக்கான ஒரு சின்னப் பொம்மைக்கு, அதாவது மினியேச்சருக்கு, வர்ணம் பூசிய கதை இது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் கடைசியில் முடிந்தது. சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். பொம்மைக்கு வர்ணம் பூசியது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு தம்பி. அடுத்தது அவருடைய அம்மா, இருபது வருசத்துக்கு மேல் கொழுந்து பறிப்பவர். மூன்றாவது ஆள் நான். ஒரு காலத்தில் டவுனில் கடைப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. பெயர் எதுவும் போடவில்லை. தன் பேர் வரக்கூடாது என்பதுதான் அம்மா போட்ட ஒரே நிபந்தனை, தம்பிக்கு அது பற்றிப் பெரிய அக்கறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு பேர் ஒரு டியூஷன் வகுப்பின் பின் அறையில் கூடி, மேசை மேல் பொம்மைகளை வைத்து, தாயக்கட்டை உருட்டி, அடிமட்டத்தால் தூரம் அளந்து விளையாடுவோம். பூதம், சூனியக்காரி, எலும்புக்கூட்டுப் படை, அந்த மாதிரிக் கற்பனை உலகம். பெரிய செலவு செய்ய யாரிடமும் வசதி இல்லாததால் ஆளுக்கு ஆறு பொம்மைக்கு மேல் கிடையாது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஒரு நீண்ட ஆட்டம் என்று முடிவாகியிருந்தது, அதற்குள் தன் அணியின் தலைவனைப் பூசி முடிக்க வேண்டும் என்பது தம்பியின் திட்டம்.

தலைவன் ஒரு மரக்காவலன். கால்கள் வேராக ஓடுகின்றன, தோளிலும் தலையிலும் இலைக்கொத்து, முகம் மட்டும் முகமூடி போல வழவழப்பாக இருக்கிறது, கையில் வளைந்த கத்தி. கொழும்பில் முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் பொம்மை, ஆறு சென்ரிமீற்றர் உயரம். இந்த மாதிரி மர உருவங்களை எங்கே பார்த்தாலும் பட்டை பழுப்பு, இலை பச்சை, கண் மஞ்சள். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "எங்க ஊர்ல பொறந்த மரமா இருக்கணும்ணே" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாங்கள் மூன்று மாதம் சுற்றிச் சுற்றி வந்தோம் என்று சொல்லலாம்.

ப்ரைமர்: முதல் பத்து நாள்

கையில் இருந்த சாமான் கொஞ்சம்தான். வெளிநாட்டில் இருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த 17 மில்லிலீற்றர் சொட்டுப் போத்தல் வர்ணங்கள் ஐந்து, கண்டியில் வாங்கிய மாணவர் தரத்து அக்ரிலிக் டியூப்கள், ஒன்றாம் நம்பர் வட்டத் தூரிகை ஒன்று, பழைய தட்டைத் தூரிகை ஒன்று. ப்ரைமருக்கு, அதாவது வர்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சுக்கு, ஹார்ட்வெயார் கடையில் வாகனத்துக்கு அடிக்கும் சாம்பல் நிற ஸ்ப்ரே. அதில் தப்பு இல்லை, ரெசினுக்கு அது நன்றாகவே பிடிக்கும்.

தப்பு, ஸ்ப்ரே அடித்த நாளில். ஜூன் என்றால் தென்மேல் பருவமழை எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிடும், ஹட்டன் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,270 மீற்றர், மழை இல்லாத நேரத்திலும் மூட்டம் வாசலில் நிற்கும். தம்பி பின்னேரம் நாலு மணிக்கு இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) நின்று, அலமாரியில் இருந்து எடுத்த குளிர்ந்த டின்னை அப்படியே அடித்திருக்கிறார். டின் குளிர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் குறையும், தூவானமாக வர வேண்டியது துளித்துளியாகத் தெறிக்கும். போதாததற்குக் காற்றில் ஈரம். மறுநாள் பொம்மை முழுக்க ரவை ஒட்டின மாதிரி இருந்தது. முகமூடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டிய முகத்தில் கூட.

அதைக் கழற்ற பார்மசியில் ஸ்பிரிட் வாங்கி ஊறவைத்தோம். ரெசினை நெடுநேரம் ஊறவிட்டால் அதுவே மெதுமெதுத்துவிடும் என்பதால் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது, மறுபடி போடுவது. முகம், கை, கத்தி சுத்தமாக வந்தன. பட்டையின் பள்ளங்களில் இருந்தது வரவில்லை. அங்கே நாங்கள் எடுத்த முடிவு, விட்டுவிடுவது. மரப்பட்டையில் ரவை இருந்தால் பாசி என்று சொல்லிக்கொள்ளலாம், முகத்தில் இருந்தால் அம்மை. முகத்துக்கு மட்டும் தூரிகையால் ஐந்து மெல்லிய பூச்சு ப்ரைமர் கொடுத்தார். இடது காலில் இன்றைக்கும் அந்த ரவை இருக்கிறது, தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சின்ன விபத்தும் இந்த நாட்களில்தான். ஈரத்தில் காயவில்லை என்று பொம்மையை அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணில் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்து எடுத்தால் காய்ந்துதான் இருந்தது, ஆனால் அடுப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிசாகப் படிந்து, மேலே வைத்த வர்ணம் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடியது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு காயவைக்கும் இடம், உள்ளே குண்டு பல்ப் மாட்டிய ஒரு பெரிய பிஸ்கட் டின்.

முதல் வர்ணத் திட்டம்

தேயிலையில் இருந்துதான் வர்ணம் எடுக்க வேண்டும் என்பதில் தம்பி தெளிவாக இருந்தார். யோசனை நல்லது. ஆனால் அவர் எழுதிவைத்திருந்த பட்டியலைப் பாருங்கள்: பட்டைக்குக் கடும் பழுப்பு, பள்ளங்களுக்கு ஊதா, இலைகள் எல்லாம் கொழுந்தின் செப்புச் சிவப்பு, கால்களில் பாசிப் பச்சை, இலை மேல் செம்மஞ்சள் புள்ளி, இடுப்பில் சிவப்புத் துணி, நெற்றியில் திருநீறு, கண் மஞ்சள்.

செம்மஞ்சள் புள்ளிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. தேயிலைக்கு முன்னால் இந்த மலைகள் எல்லாம் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்த பிறகுதான் தேயிலை இந்த அளவுக்குப் பரவியது. அந்தத் துரு செம்மஞ்சள் பொடி. மலைக்கு நடந்ததெல்லாம் மரக்காவலன் உடம்பில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சிவப்புத் துணியும் திருநீறும் கவ்வாத்துச் சாமியில் இருந்து வந்தவை, கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடிகளைக் குறைத்து வெட்ட, தொடங்கும் முன் மலையில் கும்பிடும் சாமி. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல் என்று அப்போது எனக்குப் படவில்லை, நியாயம் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிழமை உட்கார்ந்து பூசினார். லயத்து அறையில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில், ராத்திரி எட்டு மணிக்கு மேல், சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஈரமான டிசு, அதன் மேல் பேக்கிங் பேப்பர், அதில் வர்ணம் கலந்து. அந்த வெளிச்சத்தில் போன் படம் எடுத்து அனுப்பியபோது சிவப்பு இலைகள் தணல் மாதிரி இருந்தன. நானும் "பிரமாதம் தம்பி" என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் கண்டது

பகல் வெளிச்சத்தில், அதாவது மூட்டத்துக்குள்ளே வடிகட்டி வரும் எங்கள் ஊர் வெளிச்சத்தில், மேசை மேல் வைத்தபோது தணலைக் காணவில்லை. பழுப்பும் சிவப்பும் ஊதாவும் பாசியும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு கை தூரத்தில் இருந்து பார்த்தால் கருப்பட்டித் துண்டு. முகம் எந்தப் பக்கம் என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இலை எங்கே முடிந்து பட்டை எங்கே தொடங்குகிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பு இருந்தது, ஆனால் அந்த நேரம் எல்லாரும் சிரித்துவிட்டோம். அதை இங்கே எழுதாமல் விடக்கூடாது.

நான் சொன்ன யோசனையும் அதனால் வந்த சேதமும்

பெயர்ப்பலகைக்காரன் புத்தி எனக்கு. எழுத்து தெளியவில்லை என்றால் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போடுவோம், பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியும். அதையே இங்கேயும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேல் பழுப்பு வாஷ் ஒன்று ஓட்டு, பள்ளங்களில் இறங்கி இலையும் பட்டையும் பிரிந்துவிடும், முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போடு.

வாஷ் என்பது தண்ணியான வர்ணம், பள்ளத்தில் தங்கி மேட்டில் வடிய வேண்டும். எங்கள் ஈரத்தில் அது வடிந்து காய்வதற்குள் மேட்டிலும் தேங்கிவிட்டது, காய்ந்த இடங்களில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த மேசை போல வளையம். ஏற்கெனவே எல்லாம் நடுத்தரமான கருமையில் இருந்த பொம்மை இன்னும் ஒரு படி இருண்டது. கறுப்புக் கோடு அந்த இருட்டில் போய் மறைந்தே போயிற்று.

ஏன் அப்படி என்று அடுத்த நாள் தான் தேடிப் பார்த்தேன். போன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். அவ்வளவுதான், விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது: பட்டை, இலை, துணி, பாசி, எல்லாமே ஒரே சாம்பல். நிறம் எட்டு, வெளிச்சம் ஒன்று. ஒரு கை தூரத்தில் கண் முதலில் பிரித்துப் பார்ப்பது எது வெளிறினது, எது இருண்டது என்பதைத்தான், சிவப்பா பச்சையா என்பது அப்புறம். குழம்பும் கண்ணுள்ள நண்பருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது இதுதான். மஞ்சள் பல்ப் சிவப்பைத் தூக்கிவிட்டு மற்றதை அமுக்கிக் காட்டியதால் தம்பிக்கு ராத்திரியில் அது தெரியவில்லை. எனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அம்மா சொன்னது

பொம்மை அலமாரியில் இருந்தது. தம்பி மனம் விட்டுப் போயிருந்தார், இரண்டு நாள் தூரிகையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது அம்மா மலையில் இருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி தந்தவர் பொம்மையை எடுத்துப் பார்த்தார். இதற்கு முன்னால் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

"இது என்னா மரம்?"

"தேயிலைம்மா. கொழுந்து."

"கொழுந்து எங்கடா இப்படி இருக்கும்? நுனி மட்டுந்தான செவப்பா வரும். இது முத்தின எலயெல்லாம் செவந்து கெடக்கு. செவப்புச் சிலந்தி விழுந்த மலை மாதிரி இருக்கு."

சிவப்புச் சிலந்தி தெரியாதவர்களுக்கு: வெயில் காலத்தில் தேயிலையில் வரும் ஒரு சிற்றுண்ணி, முதிர்ந்த இலையின் சாற்றை உறிஞ்சும், இலை வெண்கலச் சிவப்பாக மாறும். தம்பி வளமான கொழுந்தை நினைத்து வரைந்ததை, தினமும் கொழுந்து பார்க்கிற கண் நோய் என்று படித்துவிட்டது.

அப்புறம் இடுப்புத் துணியைக் காட்டி, இது சாமியா என்று கேட்டார். தம்பி கவ்வாத்துச் சாமி கதையைச் சொன்னார். அம்மா கோபப்படவில்லை. "தாயக்கட்டய உருட்டி அடிச்சு விழுத்துறதுக்குச் சாமி எதுக்கு? மரம்னா மரமா வை" என்றார். தம்பி எழுந்து போன பிறகு அம்மா என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக்கூடாதா மாஸ்டர்" என்று ஒரு வார்த்தை. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

துணியும் திருநீறும் நீக்குவது என்று அன்றைக்கே முடிவு. காரணம் மரியாதை. ஆனால் அதனால் வர்ணத்துக்கும் ஒரு லாபம் வந்தது: பொம்மையில் இரண்டு இடத்தில் இருந்த சிவப்பு ஒரே இடத்துக்கு வந்தது, போட்டி போய்விட்டது.

மலையில் ஒரு காலை

அடுத்த ஞாயிறு காலையில் மூட்டம் கலைந்த ஒரு மணி நேரத்துக்குள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய மலைக்கு மூன்று பேரும் போனோம். அது விதைத் தேயிலை மலை. வீ.பி. மலை என்றால் ஒரே தாயில் இருந்து வெட்டி நட்டவை, செடிக்குச் செடி ஒரே நிறம். விதையில் வந்தது அப்படி இல்லை, ஒவ்வொரு செடியும் தனி ஆள். ஒன்றின் துளிர் எலுமிச்சைப் பச்சை, பக்கத்துச் செடியின் துளிர் செப்பு, அதற்கு அடுத்தது இரண்டுக்கும் நடுவில். அம்மா இரண்டு இலையும் ஒரு அரும்புமாகக் கிள்ளி வெள்ளை அட்டை மேல் வைத்தார். தம்பி அட்டையிலேயே வர்ணம் கலந்து பக்கத்தில் தொட்டுப் பார்த்தார்.

அங்கே கண்டவை. முதிர்ந்த இலை நாம் நினைக்கிற பச்சை இல்லை, கிட்டத்தட்டக் கறுப்பு, மேலே வானத்தின் வெள்ளை மினுக்கம். துளிர் வெளிறிய மஞ்சள் பச்சை. செப்பு நிறம் உண்மையில் மிகக் கொஞ்சம், அரும்பிலும் அதை ஒட்டிய முதல் இலையிலும் மட்டும். தண்டு பழுப்பே இல்லை! சாம்பல், அதன் மேல் வெள்ளை வெள்ளையாக மரப்பாசித் திட்டுகள். கவ்வாத்து வெட்டிய இடத்தில் மட்டும் கட்டை பால் நிறத்தில் பளிச்சென்று இருக்கும் என்று அம்மா சொன்னார், பக்கத்தில் ஒடிந்த கிளை ஒன்றைக் கத்தியால் சீவியும் காட்டினார். அந்தச் சீவல்தான் முகத்துக்கு நிறம் தந்தது.

செடி முழுவதையும் ஒன்றாகப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பங்கு பிரித்தோம்: பத்தில் ஆறு கரும்பச்சை, மூன்று சாம்பல், மிச்சம் இருக்கும் ஒன்றுக்குள் இளம்பச்சையும் செப்பும் பால் வெள்ளையும். முதல் திட்டத்தில் எட்டு நிறங்களுக்கும் கிட்டத்தட்டச் சம பங்கு கொடுத்திருந்தார். பந்தியில் எல்லாருக்கும் ஒரே அளவு பரிமாறின மாதிரி, ஊறுகாயையும் சோற்றளவுக்கு.

இரண்டாவது திட்டம்: எடுத்த முடிவுகள்

பங்கை வைத்தே திட்டம் போட்டோம். மிக வெளிறிய இடம் முகம், அது வெட்டின கட்டை. மிக இருண்ட இடம் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் முதிர்ந்த இலைகள், அப்படியென்றால்தான் முகம் தள்ளி நிற்கும். செப்புச் சிவப்பு முகத்தைச் சுற்றி இருக்கும் ஒன்பது துளிர் நுனிகளில் மட்டும். ஒன்பது என்று எண்ணியே வைத்தோம், ஏனென்றால் தம்பிக்குக் கை நிற்காது.

ஊதாவை விட்டாயிற்று. பொம்மை நிற்கும் பேஸில், அதாவது அடித்தட்டில், மண் எப்படி என்பதில் சின்னத் தகராறு. எங்கள் மலை மண் சிவப்பு மஞ்சள் கலந்தது, உண்மைக்கு நேர்மையாகப் பூசினால் கீழே ஒரு பெரிய சிவப்புத் தட்டு வந்து ஒன்பது நுனியையும் தின்றுவிடும். மழையில் நனைந்த மண் என்று வைத்துக் கடும் பழுப்பாக்கினோம்.

கோப்பித் துருவை மட்டும் தம்பியால் விட முடியவில்லை. நான் வேண்டாம் என்றேன். அவர் வீட்டுப் பின்னால் நிற்கும் கோப்பிச் செடியில் ஒரு இலை பறித்து வந்து திருப்பிக் காட்டினார்: துரு இலைக்கு அடிப்பக்கம்தான் பொடி பொடியாக இருக்கும், மேலே இருந்து பார்த்தால் மங்கலான மஞ்சள் தழும்பு மட்டுமே. அதே மாதிரி தோள் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் புள்ளி வைத்தார். மேசையில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது, கையில் தூக்கித் திருப்பினால்தான் தெரியும். இந்தப் பொம்மையில் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான். நான் வேண்டாம் என்றதும் இதைத்தான்.

பொம்மையைத் தொடும் முன் ஐந்து பிளாஸ்டிக் ஐஸ்கிறீம் கரண்டியில் ப்ரைமர் பூசி எல்லா நிறத்தையும் அதில் பரீட்சித்து, கரண்டிகளை அடுக்கி வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தோம். இரண்டாவது படத்திலேயே படிகள் தெளிவாகப் பிரிந்தன.

பூசிய விதம்

பழைய வர்ணத்தை மறுபடி கழற்றவில்லை, இன்னொரு தடவை ஸ்பிரிட் தாங்குமா என்று பயம். மெல்லிய சாம்பலால் இரண்டு பூச்சு மூடிவிட்டு மேலே போனார்.

கரும்பச்சைக்குக் கறுப்பைச் சேர்க்கவில்லை. பச்சையில் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்தால் அது தன்னால் மங்கி இருளும், கறுப்பு சேர்த்த பச்சை மாதிரிச் செத்தும் போகாது. செப்பு நிறத்துக்கு எடுத்ததும் அதே சிவப்புதான், பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் ஒரு துளி மஞ்சளும் கலந்து. ஒரே சிவப்பு இரண்டு இடத்திலும் ஒளிந்திருப்பதால் நுனி இலையோடு பொருந்தி நிற்கிறது.

பட்டைக்கு நீலம் கலந்த கருஞ்சாம்பல், அதன் மேல் பழைய தட்டைத் தூரிகையை வெளிர் சாம்பலில் தொட்டு, கடதாசியில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் உரசுவது. ட்ரை பிரஷ். ப்ரைமர் ரவை இருந்த இடங்களில் இது தன்பாட்டில் மரப்பாசித் திட்டாக வந்து விழுந்தது, விபத்துக்கு வட்டி வந்த மாதிரி. முகத்தில் நாலு நாள் எடுத்தார். பால் வெள்ளையைத் தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் கரைத்து, ஒரு பூச்சு, காயவிடு, மறுபடி ஒரு பூச்சு. கன்னத்து ஓரங்களில் மிக மெல்லிய பச்சை சாயல்.

ஒன்பது நுனியும் கடைசி நாள். தூரிகை முனையைப் பேப்பரில் உருட்டிக் கூராக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நுனிக்கும் இரண்டு தொடல், அடியில் செப்பு, அதன் உச்சியில் ஊசி முனையளவு வெளிறிய செம்மஞ்சள். ஏழாவதில் கை வழுகி முகத்தின் மேல் ஒரு கீற்று விழுந்தது. ஈரமாக இருக்கும்போதே சுத்தத் தண்ணீர் தூரிகையால் இழுத்து எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் பேசவில்லை, அந்த அளவுக்குக் கற்றிருந்தேன்.

பல்பை மாற்றியதையும் சொல்ல வேண்டும். 6500 கெல்வின் என்று எழுதியிருக்கும் வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று வாங்கி மாட்டினார், பகல் வெளிச்சத்துக்குக் கிட்ட வரும். எந்த நிறத்தையும் முடிவு செய்யும் முன் இஸ்தோப்பில் கொண்டுபோய்ப் பார்ப்பது என்றும் ஒரு வழக்கம் வந்தது. வார்னிஷ் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம் என்று நிச்சயம், ஈரக் காற்றில் மேட் வார்னிஷ் பனி படிந்த மாதிரி வெளுத்துப் போகும், மூன்று மாத வேலை ஒரு நிமிசத்தில் போய்விடும். தூரிகையால் இரண்டு மெல்லிய பூச்சு.

முடிவு

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மேசைக்கு வந்தது. ஒரு கை தூரத்தில் எல்லாரும் முதலில் பார்த்தது முகம். சிவப்பு பச்சை குழம்பும் நண்பரிடம் இந்தத் தடவை நாங்களே கேட்டோம். இலை, பட்டை, முகம் மூன்றையும் சரியாகப் பிரித்துக் காட்டினார். நுனிகளைக் காட்டி, "இது செவப்பா? எனக்கு மங்கின பச்சை மாதிரித் தெரியுது, ஆனா தனியா ஒன்னு இருக்குன்னு தெரியுது" என்றார். அது போதும் என்று வைத்துக்கொண்டோம். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது, "இப்ப பறிக்கலாம்."

சரியாக வராததும் உண்டு. ஒன்பது நுனிகளும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதே இல்லை. கத்திச் சிக்கல் கடைசிவரை தீரவில்லை, பட்டையின் சாம்பலுக்கும் இரும்பின் சாம்பலுக்கும் வித்தியாசம் போதாமல் இன்னொரு கிளை மாதிரி நிற்கிறது.

பெரிய குறை அணியின் மற்ற ஐந்து பொம்மைகளுக்கு அதே திட்டத்தை நீட்டியபோது வெளிவந்தது. அவை மனித உருவ வேட்டைக்காரர்கள், உடம்பில் இலை கொஞ்சம்தான். அதே நிறங்களை எடுத்ததும் ஆறுக்கு மூன்று என்ற பங்கு தலைகீழாகி, சாம்பல் மிகுந்து, முதல் ஆள் கல் பொம்மை மாதிரி ஆகிவிட்டான். நிறங்களை மாற்றவில்லை, இடத்தை மாற்றினோம். மழைக்குப் போர்த்தும் கம்பளி மாதிரி தோளில் இருந்து தொங்கும் போர்வையைக் கரும்பச்சையாக்கியதும் பங்கு பழையபடி வந்தது. மூன்று மாதம் தின்ற தலைவனுக்கு எதிராக, இவர்களில் இதுவரை பூசியவர்கள் ஒவ்வொருவரும் மூன்று ராத்திரியில் முடிந்தார்கள்.

மறுபடி செய்தால் மாறுவது

தம்பியிடம் கேட்டதற்கு, முதலில் ஸ்ப்ரே டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன், அப்புறம் ஒரு கரண்டியில் அடித்துப் பார்ப்பேன், அதுவும் பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் கண்ட நாளில் மட்டும் என்றார். கரண்டியும் கறுப்பு வெள்ளைப் படமும் முதல் நாள் வேலையாக இருக்கும். பரணில் ஏற்றமாட்டேன் என்று அம்மாவே அவருக்குப் பதிலாகச் சொன்னார்.

என் பக்கம்: ஞாயிற்றுக்கிழமை நண்பர் கேட்ட கேள்விக்குச் சிரித்ததை மாற்றுவேன். அன்றைக்கே அவரை உட்காரவைத்து என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தால் வாஷ் வாங்கின காசும் ஒரு கிழமையும் மிஞ்சியிருக்கும். பலகைக்குப் பழகின கையோடு ஆறு சென்ரிமீற்றர் பொம்மைக்கு யோசனை சொன்னேன். பலகைக்குச் சூரியன் நேராக அடிக்கும், தட்டையாக இருக்கும், கோடு வேலை செய்யும். பொம்மைக்குத் தன் நிழல் தனக்கே விழுகிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கொழுந்து பறிப்பவர் வீட்டில் இருந்துகொண்டே தேயிலை நிறத்துக்குப் போனில் படம் தேடினோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆறாவது பொம்மைக்கு, அணியின் கடைசி வேட்டைக்காரனுக்கு, இன்னும் ப்ரைமர் அடிக்கவில்லை. டின் அலமாரியில் இருக்கிறது. ஐந்து நாளாக மழை.